டச் உள்ள டேப்லெட்டா, இல்லாததா? இடது கையைக் கேளுங்கள்

“அண்ணா, டச் இருக்கறதா பார்த்து வாங்கவா, இல்லாததே போதுமா?”

தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான். படம் எடுப்பதில் கெட்டிக்காரன். எடிட்டிங் மட்டும் முழுக்க மவுஸில். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முகங்களைச் சரிசெய்து மணிக்கட்டில் வலி வந்த பிறகு, பென் டேப்லெட் (கணினியோடு இணைத்துப் பேனாவால் வேலை செய்கிற பலகை) வாங்குவதென்று முடிவெடுத்திருந்தான். எந்த டேப்லெட் என்பதில்தான் மாட்டிக்கொண்டான். நான் பதில் சொல்லாமல், “உன் இடது கை என்ன பண்ணுது?” என்று திருப்பிக் கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

கிண்டல் இல்லை. பேனா இருப்பது வலது கையில். டச் வசதி, அதாவது பலகையை விரலாலும் தொட்டு இயக்குவது, பெரும்பாலும் மற்றக் கைக்குத்தான் பயன்படும். (இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டை 180 டிகிரி திருப்பி வைத்துக்கொள்ள அதன் டிரைவர் மென்பொருளிலேயே வசதி உண்டு.) அதனால் எந்தச் சாதனத்தை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கை எங்கே உட்காரப் போகிறது என்று பார்த்தால் முடிவு பாதி வந்துவிடும்.

ஒரு முகப் படத்தை எடுத்துக்கொள்வோம். கன்னத்தின் குறுக்கே ஒற்றை முடி விழுந்திருக்கிறது. 200 சதவீதம் ஜூம் செய்கிறீர்கள். பக்கத்துத் தோலை வைத்துக் குறையை மறைக்கிற ஹீலிங் பிரஷ்ஷை முடியின் அகலத்துக்குச் சுருக்குகிறீர்கள். ஆல்ட் அழுத்திப் பக்கத்துத் தோலில் மாதிரி எடுத்து, முடியின் போக்கிலேயே ஒரு இழுப்பு. முடி கண் இமைக்குக் கீழே வளைகிறது. படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, கைக்கு வாகாகத் திருப்பி, இன்னொரு இழுப்பு. ஜூமைக் குறைத்துத் தள்ளி நின்று பார்க்கிறீர்கள். இதில் பேனா செய்தது இரண்டே இழுப்பு. மீதியெல்லாம் அந்த இன்னொரு கையின் உழைப்பு.

முதலில் மவுஸுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ், கிராப் என்று லைட்ரூம் மென்பொருளின் ஸ்லைடர்களிலேயே முடிகிற வேலைதான் உங்களுடையது என்றால் டேப்லெட்டே வேண்டாம். நூற்றுக்கணக்கான படங்களைப் புரட்டி, நல்லதைப் பொறுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகளைப் பரப்புகிற வேலைக்கு மவுஸும் கீபோர்டும்தான் வேகம். பேனாவால் ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள், தெரியும். சரியான எண்ணில் நிறுத்திவிட்டுப் பேனாவைத் தூக்குகிற அந்த நொடியில் முனை ஒரு மயிரிழை நகரும், எண் மாறிவிடும். மறுபடியும் பிடி, மறுபடியும் விடு. ஸ்லைடர் வேலைக்கென்று பேனா வாங்கிய பலர் அதை டப்பாவில் போட்டு வைத்திருப்பது இதனால்தான்.

பேனா சம்பாதித்துக் கொடுப்பது வேறு இடத்தில். டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது படத்தின் சில இடங்களை மட்டும் வெளிச்சமாக்குவதும் இருட்டாக்குவதும், செய்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரஷ்ஷின் ஃப்ளோவை (ஒரு தீற்றலில் எவ்வளவு படிகிறது என்ற அளவை) 2, 3 சதவீதத்தில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே உள்ள நிழலை மெல்ல மெல்ல வெளிச்சமாக்க வேண்டும். மவுஸில் ஒவ்வொரு கிளிக்கும் ஒரே கனம். அதனால் ஓரங்களில் கோடு விழும். அதை மறைக்க இன்னொரு சுற்று. பேனாவில் நடுவில் அழுத்தி, ஓரத்துக்கு வரும்போது கையைத் தளர்த்தினால் போதும், மங்கல் தானாக வந்துவிடும். முடியை வெட்டியெடுக்கிற மாஸ்க்கும் (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று வரைந்து காட்டுவது) அப்படித்தான். இழை தொடங்குகிற இடத்தில் தடிமன், நுனியில் ஒன்றுமில்லை. இதை மவுஸில் செய்ய முடியாதா என்றால் முடியும். கோலத்தைக் குச்சியாலும் போடலாம்தானே.

விளம்பரங்களில் பேனாவின் அழுத்த நிலைகள் 2048, 8192 என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். படம் திருத்துகிறவர் அதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு இருப்பதே 256 படிகள். எவ்வளவு லேசாகத் தொட்டால் பேனா வேலை செய்யத் தொடங்குகிறது, அழுத்த அழுத்த எப்படி ஏறுகிறது என்பதுதான் கைக்குத் தெரியும் வித்தியாசம். அதை டிரைவரில் உங்கள் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நான் கொஞ்சம் மென்மையாக வைத்திருக்கிறேன். அழுத்தி எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் எதிர்ப்பக்கம் வைக்க வேண்டியிருக்கும்.

சரி, டச்சுக்கு வருவோம்.

டச் உள்ள பென் டேப்லெட் என்பது ஒரே பலகைக்குள் இரண்டு வேறு கருவிகள். பேனாவுக்கு ஒன்று: பலகை ஒரு மின்காந்தப் புலத்தை அனுப்புகிறது, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதில் அதிர்ந்து பதில் கொடுக்கிறது. பென் டேப்லெட் செய்கிற வாகாம் நிறுவனத்தின் பேனாக்களுக்கு பேட்டரி தேவைப்படாததன் காரணம் இதுதான். விரலுக்கு இன்னொன்று: போன் திரையில் இருப்பது போன்ற, மின்னேற்றத்தை உணரும் அடுக்கு. வாகாம் 2009-ல் பாம்பூ வரிசையில் பேனாவையும் விரலையும் சேர்த்துக் கொடுத்தது. தொழில்முறை வரிசைக்கு அது 2012-ல் இன்டுவோஸ் 5-உடன் வந்தது. அடுத்து 2013, 2017 இன்டுவோஸ் ப்ரோக்களிலும் தொடர்ந்தது.

இரண்டு கருவிகள் ஒரே பலகையில் குடித்தனம் நடத்தினால் சண்டை வராமலா இருக்கும்? அதற்கு ஒரு சமாதான ஏற்பாடு உண்டு. பேனா முனை பலகைக்கு மேலே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தூரத்துக்குள் வந்துவிட்டால் அதை உணர்ந்து டச் அணைந்துவிடும். கையை ஊன்றி வரைந்துகொண்டிருக்கும்போது உள்ளங்கை படத்தை இழுக்காமல் இருப்பது இதனால். தகராறு வருவது பேனாவைத் தூக்கும்போது. யோசிப்பதற்காகப் பேனாவைச் சற்று உயர்த்துகிறோம், கை மட்டும் பலகையிலேயே கிடக்கிறது. பேனா அந்த எல்லையைத் தாண்டியதும் டச் விழித்துக்கொள்ளும். சுண்டு விரலும் உள்ளங்கை ஓரமும் சேர்ந்தால் அதற்கு இரண்டு விரல். படம் நகரும், பெரிதாகும், சில நேரம் சுழலும்.

சுழல்வதுதான் ஆபத்து. ஒருமுறை கடற்கரைப் படம் ஒன்றில் ஓரங்கள் கண்ணில் படாத அளவுக்கு ஜூம் செய்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவானம் லேசாகச் சாய்ந்திருப்பதாகப் பட்டது. ‘எடுக்கும்போதே கேமரா சாய்ந்துவிட்டது போல’ என்று லேயரைக் கண் மதிப்பில் இரண்டு டிகிரி திருப்பிச் சேமித்து அனுப்பியும் விட்டேன். மறுநாள்தான் புரிந்தது, படம் முதலில் நேராகத்தான் இருந்திருக்கிறது. என் உள்ளங்கை திருப்பியது ஃபோட்டோஷாப் காட்டும் கோணத்தை மட்டும். நான்தான் படத்தையே நிஜமாகச் சாய்த்துவிட்டேன். நல்லவேளை, மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்த முதல் வேலை, டேப்லெட் அமைப்பில் பாதியை அணைத்தது. விரலால் தட்டினால் கிளிக் ஆவது, மூன்று விரல், நான்கு விரல், ஐந்து விரல் அசைவுகள், சுழற்றல் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாயிற்று. இரண்டு விரலால் நகர்த்துவதும் கிள்ளி ஜூம் செய்வதும் மட்டும் இருக்கின்றன. புதிதாக டச் டேப்லெட் வாங்குகிறவர்கள் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபடியே எல்லாம் இயங்க விட்டுவிட்டு, இரண்டாம் நாளே ‘டச் சரிப்படாது’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்டுவோஸ் ப்ரோவில் டச்சை அணைக்க ஓரத்தில் தனியாக ஒரு ஸ்விட்ச்சே உண்டு. எந்த மாடல் வாங்கினாலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும் என்றால் அவசரத்துக்கு உதவாது.

இப்போது அசல் கேள்வி. இந்த இரண்டு அசைவுகளுக்காக டச் வேண்டுமா?

இரண்டு விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் போவது சுகம், அதில் சந்தேகமே இல்லை. கையே கண்ணாகிவிட்ட மாதிரி இருக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துப் பேனாவால் இழுப்பதை விட அது இயல்பானது. ஆனால் மேலே சொன்ன முடி உதாரணத்தைத் திரும்பப் பாருங்கள். இடது கைக்கு அங்கே இரண்டு வகை வேலை இருந்தது. படத்தை நகர்த்துவது, பெரிதாக்குவது, திருப்புவது ஒரு வகை. ஆல்ட் அழுத்துவது, பிரஷ்ஷின் அளவை மாற்றுவது, மாஸ்க்கில் கறுப்பையும் வெள்ளையையும் எக்ஸ் கீயால் மாற்றிப் போடுவது, தப்பினால் பின்னால் போவது இன்னொரு வகை. டச் பார்த்துக்கொள்வது முதல் வகையை மட்டும். இரண்டாவதற்கு இடது கை கீபோர்டுக்குத்தான் ஓட வேண்டும். கீபோர்டில் கை இருக்கும்போது முதல் வகையும் அங்கேயே முடிந்துவிடுகிறது: நகர்த்த ஸ்பேஸ் பார், ஜூமுக்கு இசட் கீ, திருப்ப ஆர் கீ, அழுத்திப் பிடித்தால் போதும். ஆக, கீபோர்டில் கை ஊறியவருக்கு டச் என்பது கையை அங்கும் இங்கும் அலைய வைக்கிற ஒன்றாகத்தான் முடிகிறது.

கீபோர்டைத் தள்ளி வைக்க முடிந்தால் கதை மாறும். அதற்கு டேப்லெட்டிலேயே போதுமான பட்டன்கள் வேண்டும். 2017 இன்டுவோஸ் ப்ரோவின் நடுத்தர, பெரிய அளவுகளில் எட்டு பட்டன்களும், நான்கு வேலைகளுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு டச் வளையமும் உண்டு. சிறியதில் ஆறு பட்டன். ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ், பின்னால் போவது இவற்றைப் பட்டன்களில் ஏற்றி, வளையத்தில் பிரஷ் அளவை வைத்தால் கட்டைவிரல் பட்டனில், மற்ற விரல்கள் டச்சில் என்று இடது கை டேப்லெட்டை விட்டு நகரவே வேண்டாம். மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்து ரீடச் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன். பட்டன் இல்லாமல் டச் மட்டும் இருக்கும் மலிவு மாடலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இடையில் ஒரு வழி இருக்கிறது. யாரும் விற்பதற்காகச் சொல்லாத வழி. டச் இல்லாத பென் டேப்லெட்டை வலப்பக்கம் வைத்து, இடப்பக்கம் தனி டிராக்பேட் ஒன்றைப் போட்டுக்கொள்வது. லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு அதுவும் வாங்க வேண்டாம். லேப்டாப்பை இடப்பக்கமாக நகர்த்தினால் அதன் டிராக்பேடும் கீபோர்டும் இடது கைக்கடியில் வந்துவிடும். கிள்ளி ஜூம், இரு விரல் நகர்த்தல் எல்லாம் அதிலேயே நடக்கும், உள்ளங்கை கலாட்டாவும் கிடையாது. மேக் டிராக்பேட் இதற்கு ரொம்பவே ஒத்துழைக்கும். கழுத்து நேராக இருக்க மானிட்டர் தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டச் வேண்டுமா என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு. பென் டேப்லெட்டில் பலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளிக்குச் சமம். நடுத்தர இன்டுவோஸ் ப்ரோவின் வரையும் பரப்பு 224-க்கு 148 மில்லிமீட்டர். 24 அங்குல அகலத்திரை மானிட்டர் சுமார் 531 மில்லிமீட்டர் அகலம். அதாவது கை 1 மில்லிமீட்டர் அசைந்தால் கர்சர் 2.4 மில்லிமீட்டர் போகும். சிறிய அளவில் அகலம் 160 மில்லிமீட்டர்தான். அதில் இது 3.3 ஆகிவிடும். சிறிய டேப்லெட் வைத்திருப்பவர் அடிக்கடி ஜூம் செய்து செய்துதான் துல்லியத்தை ஈடுகட்டுவார். அவருக்கு டச் அதிகம் உதவும். பெரிய டேப்லெட்டில் துல்லியம் கிடைக்கும், ஆனால் முழங்கை வரை ஆடும். எனக்கு நடுத்தரம் போதும். இரண்டு மானிட்டர் இருந்தால் டேப்லெட்டை ஒன்றுக்கு மட்டும் கட்டிப்போடுங்கள். இரண்டுக்கும் பரப்பினால் வட்டம் போட்டால் முட்டை வரும். திரையும் பலகையும் ஒரே விகிதத்தில் இருக்கும்படி டிரைவரில் டிக் செய்வதும் முக்கியம். மேற்சொன்ன நடுத்தர அளவில் கீழே 22 மில்லிமீட்டர் வீணாகும், ஆகட்டும்.

திரையுள்ள டேப்லெட்டைப் பற்றிக் கேட்பார்கள். படத்தின் மேலேயே பேனாவை வைத்து வேலை செய்வது. ஓவியர்களுக்கு அது வரப்பிரசாதம். போட்டோவுக்கு எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. திருத்துகிற முகத்தையே நம் கை மறைக்கிறது. குனிந்து குனிந்து கழுத்து போகிறது. அதோடு, நிறம் சரியாகக் காட்டும் நல்ல மானிட்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தால், பக்கத்தில் இன்னொரு திரை வேறு நிறம் காட்டி உட்கார்ந்திருக்கும். எதை நம்புவது? இரண்டையும் அளந்து சரிசெய்தாலும் திரைகளின் மேற்பூச்சு மாறுபடுவதால் கறுப்பு ஒன்றாகத் தெரிவதில்லை. வாகாமின் திரையுள்ள வரிசையான சின்டிக் ப்ரோக்களில் டச்சோடு வருபவை உண்டு. ஆனால் திரையின் மேல் கை முழுவதும் படுத்துக்கிடக்கும்போது தவறான தொடுகைக்கு வாய்ப்பும் கூடத்தான். முடியை இழை இழையாக வரைந்து சேர்ப்பவர்கள், படத்தின் மேல் ஓவியம் போல வேலை செய்பவர்கள் என்றால் பாருங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

ஐபேட் விஷயம் வேறு. விரலும் பேனாவும் ஒரே திரையில் சண்டையில்லாமல் வாழ்வதை அதில்தான் பார்க்கலாம். ஆப்பிள் பென்சில் 2015-ல் ஐபேட் ப்ரோவுடன் வந்தது; எது பேனா, எது உள்ளங்கை என்று பிரித்தறிவதில் நான் தொட்ட எந்த பென் டேப்லெட்டும் அதற்கு அருகில் வரவில்லை. லைட்ரூமில் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) திறந்து, விரலால் ஜூம் செய்து, பென்சிலால் மாஸ்க் போடுவது அப்படியொரு சுகம். ஐபேட் ஃபோட்டோஷாப் 2019 கடைசியில் வந்தது, ஆனால் கணினிப் பதிப்பில் உள்ள எல்லாம் அதில் இல்லை. பல லேயர்களோடு, பிளக்-இன்களோடு பழகியவர்களுக்குக் கை கட்டிப்போட்டது போல இருக்கும். மேக் வைத்திருப்பவர்கள் அதே 2019-ல் வந்த சைட்கார் மூலம் ஐபேடைக் கணினியின் இரண்டாவது திரையாக்கி, பென்சிலால் மேக் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்யலாம். ஏற்கெனவே ஐபேடும் பென்சிலும் வீட்டில் இருக்கிறது என்றால், டேப்லெட் வாங்கும் முன் இதை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2025-ல் வந்த புதிய இன்டுவோஸ் ப்ரோவில் வாகாம் டச்சையே எடுத்துவிட்டது. பதிலாகச் சுழற்றும் டயல்களை வைத்திருக்கிறது. ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற மற்ற நிறுவனங்களின் திரையில்லா டேப்லெட்டுகளிலும் டச்சைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, நல்ல டச் டேப்லெட் வேண்டும் என்றால் பெரும்பாலும் பழைய மாடல்தான், பல நேரம் ஒருவர் கை பட்டது. அப்படி வாங்கும்போது பேனாவால் நாலு கோடு போட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு விரலை வைத்து நான்கு மூலைகளிலும் தள்ளிப் பாருங்கள், ஓர் இடத்தில் மட்டும் டச் செத்திருக்கலாம். பலகையின் நடுவில் மேற்பரப்பு தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கிறதா என்று விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் வருகிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ்காரர்களுக்குச் சின்ன எச்சரிக்கை, டச் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வட்டம் சுழன்று ரைட் கிளிக் ஆகிறதே, அது விண்டோஸின் அமைப்பு. கண்ட்ரோல் பேனலில் அணைக்கலாம். அதோடு விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் டேப்லெட் டிரைவரில் விண்டோஸ் இங்க்கையும் (விண்டோஸின் பேனா வசதியையும்) அணைத்தால் ஃபோட்டோஷாப்பில் அழுத்தமே வேலை செய்யாமல் போகலாம். அப்படியானால் ஃபோட்டோஷாப்பின் பயனர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ‘டேப்லெட் கெட்டுப்போச்சு’ என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தம்பியிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு சாயங்காலம் வழக்கம்போல எடிட் செய்துகொண்டே, இடது கை எத்தனை முறை எதற்காக கீபோர்டுக்குப் போகிறது என்று துண்டுச் சீட்டில் கோடு போடச் சொன்னேன். ஆல்ட், எக்ஸ், பிரஷ் அளவு இவற்றுக்குக் கோடுகள் நிறைந்து வழிந்தன. நகர்த்தவும் ஜூம் செய்யவும் அவற்றில் பாதிகூட இல்லை. அப்புறம் அவனே சொல்லிவிட்டான். டச் இல்லாத நடுத்தர டேப்லெட் ஒன்றை வாங்கி, லேப்டாப்பை இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டான். முதல் பத்து நாள் திட்டித் தீர்த்தான். கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில் இருப்பது பழகவில்லை. மவுஸை எடுத்து மேசை டிராயரில் பூட்டச் சொன்னேன். பூட்டினான்.

என்னுடையது டச் உள்ளதுதான். மேசையில் உட்கார்ந்தால் அந்த ஸ்விட்ச்சை அணைத்துவிடுவேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி மடியில் வைத்துக்கொள்ளும் ராத்திரிகளில் மட்டும் அது ஓடுகிறது.